பிச்சாவரத்துச் சுரபுன்னையில் கலப்பினம்: மரபணுக் குறிப்பான்களால் கண்டறியும் முறை

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் அலையாத்திக் காட்டில், ரைசோபோரா அபிகுலேட்டா, ரைசோபோரா மியூக்ரோனேட்டா ஆகிய இரண்டு சுரபுன்னை இனங்களோடு, இரண்டின் சாயலையும் கொண்ட மரங்களும் வளர்கின்றன. முன்பு ரைசோபோரா லாமார்க்கி என்னும் வேறொரு கலப்பினமாகக் கருதப்பட்ட இவை, அபிகுலேட்டாவுக்கும் மியூக்ரோனேட்டாவுக்கும் பிறந்த கலப்பினமே என்பதை 1997இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு உறுதிசெய்தது. ரைசோபோரா அண்ணாமலயானா என்பது இவற்றின் இன்றைய பெயர். இலையையும் பூவையும் மட்டும் நம்பினால் இத்தகைய குழப்பம் தவிர்க்க முடியாதது.

முதற்படி, மாதிரி சேகரிப்பு. ஐயத்துக்குரிய மரங்களில் மட்டுமன்றி, ஓரினம் மட்டுமே வளரும் இடங்களிலிருந்து இரு பெற்றோரினங்களிலும் தலா இருபது மரங்களின் தளிர் இலைகளையாவது எடுத்து, சிலிக்கா ஜெல் இட்ட உறைகளில் உலர்த்த வேண்டும். தூய பெற்றோர் மாதிரி இல்லாத ஆய்வு எதையும் நிறுவாது.

அடுத்து, சி.டி.ஏ.பி. என்னும் வேதிப்பொருளால் செல்களைச் சிதைக்கும் முறையில் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க வேண்டும். சுரபுன்னை இலையில் டானின் மிகுதி என்பதால் கரைசலில் டானினைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி. என்னும் பொருளைச் சேர்ப்பது அவசியம், குழாயின் அடியில் படியும் டி.என்.ஏ. பழுப்பு நிறமாக இருந்தால், டி.என்.ஏ. துண்டுகளைப் பல படிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். பெரும்பாலும் தோற்கும்.

மூன்றாவதாக, குறிப்பான்களின், அதாவது இனங்களை வேறுபடுத்திக் காட்டும் டி.என்.ஏ. பகுதிகளின், தேர்வு. டி.என்.ஏ.வின் ஏதேனும் பகுதிகளைப் பெருக்கிப் பார்க்கும் ஆர்.ஏ.பி.டி. முறை மலிவானதுதான், ஆயினும் ஜெல்லில் கோடாகத் தெரியும் ஒரு பட்டை, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரு டி.என்.ஏ. பிரதிகளில் ஒன்றிலிருந்து வந்ததா, இரண்டிலிருந்தும் வந்ததா என்பதை அது காட்டாது. எனவே, சிறு டி.என்.ஏ. தொடர் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளான மைக்ரோசாட்டலைட்டுகளே நல்லவை. அவற்றிலும், இரு பெற்றோரினங்களுக்கும் பொதுவான துண்டு நீளம் ஒன்றுகூட இல்லாதவற்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். உதாரணமாக, ஓரினத்தில் 180, மற்றதில் 196 காரஇணை (டி.என்.ஏ. நீளத்தின் அலகு) நீளமுள்ள துண்டு கிடைக்குமானால், முதல் தலைமுறைக் கலப்பினத்தில் இரண்டும் சேர்ந்தே தோன்றும்.

இங்குதான் தொடக்க நிலையினர் அவசரப்படுகிறார்கள். கலப்பினம் மீண்டும் ஒரு பெற்றோரினத்துடன் சேர்ந்து பிறக்கும் பிற்கலப்பு மரத்திலும், ஒவ்வொரு குறிப்பானிலும் இவ்விரட்டைப் பட்டை தோன்றப் பாதி வாய்ப்பு உண்டு. ஒன்றோடொன்று பிணைப்பில்லாத, அதாவது தனித்தனியே மரபுவழி வரும், 4 குறிப்பான்களைப் பார்த்தால், அது முதல் தலைமுறை போலவே தோற்றமளிக்கும் வாய்ப்பு 16இல் 1. 10 குறிப்பான்களைப் பார்த்தால் 1024இல் 1. ஒரு மரத்தின் டி.என்.ஏ.வில் எந்த இனத்தின் பங்கு எவ்வளவு என்று கணிக்கும் ஸ்ட்ரக்சர் மென்பொருள் காட்டும் பாதிக்குப் பாதி விகிதம், கலப்பினங்கள் தமக்குள் சேர்ந்து பிறக்கும் இரண்டாம் தலைமுறையிலும் வரக்கூடும் என்பதால், தலைமுறையைப் பிரித்தறிய, மரம் எந்தக் கலப்பு வகை என்று கணிக்கும் நியூஹைப்ரிட்ஸ் மென்பொருளையும் பயன்படுத்துவது நல்லது.

கடைசியாக, பூக்கும் தாவரங்கள் பெரும்பாலானவற்றில் தாய்வழியே வரும் பசுங்கணிக (குளோரோபிளாஸ்ட்) டி.என்.ஏ.வைப் பெற்றோரினங்களோடு ஒப்பிட்டால், தாய் எந்த இனம் என்பது தெரியவரும். ஒரே காட்டில் இரண்டு இனங்களும் தாயாக இருந்திருக்கலாம் என்பதால், இச்சோதனையை ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனியே செய்ய வேண்டும்.