ரோமியோ மாறினானா? குணமாற்றக் கட்டுரை எழுதும் முறை

ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தைப் பற்றி 'காதலால் ரோமியோவின் குணம் எப்படி மாறுகிறது?' என்ற கேள்வியைப் பார்த்ததும் கை தானாக எழுதிவிடும் விடை ஒன்று உண்டு. ஆரம்பத்தில் ரோமியோ கனவில் திரியும் விடலைப் பையன், ஜூலியட்டைப் பார்க்கிறான், காதல் அவனைப் பக்குவப்படுத்துகிறது, கடைசியில் விதி கொன்றுவிடுகிறது. இதில் பெரிய பொய் எதுவும் இல்லை. நாடகத்தைத் திறந்தே பார்க்காதவரும் இதையேதான் எழுதுவார் என்பதுதான் சிக்கல். எது மாறியது, எது கடைசிவரை மாறவே இல்லை என்று இரண்டையும் பிரித்துக் காட்டினால் கட்டுரை நிமிரும். ரோமியோவிடம் மாறாமல் நிற்பவை இரண்டு: அவசரம், எதையும் உவமையாக்கிப் பார்க்கும் பழக்கம். கல்லறையில் அவனைச் சாய்ப்பதும் அவை இரண்டும்தான்.

எங்கே கண்வைப்பது

நாடகத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். பிறகு ஏழு காட்சிகளுக்கு மட்டும் திரும்பி வந்தால் போதும்: முதல் அங்கத்தில் 1, 5, இரண்டாம் அங்கத்தில் 2, மூன்றாம் அங்கத்தில் 1, 3, ஐந்தாம் அங்கத்தில் 1, 3. கட்டுரையில் ஏழும் இடம்பெற வேண்டியதில்லை. ஆயிரம் சொல் கட்டுரைக்கு நான்கு காட்சிகள் தாராளம்.

ஒவ்வொரு காட்சியிலும் ரோமியோ பேசும் வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். யாரைப் பற்றிப் பேசுகிறான், தன்னையா, எதிரில் நிற்பவரையா? ஒரு செய்தி காதில் விழுந்ததற்கும் அவன் முடிவெடுப்பதற்கும் நடுவில் எத்தனை வரி இருக்கிறது? கண்ணெதிரே இருக்கும் எதைக் கவனிக்காமல் விடுகிறான்? விடைகளை ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டால் கட்டுரையின் பாதி வேலை முடிந்தது.

ரோசலினிலிருந்து தொடங்குங்கள்

முதல் காட்சியில் தெருச்சண்டை இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. விடியுமுன் தோப்பில் கண்ணீரோடு நடக்கிறான், வெயில் வந்ததும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு செயற்கையாக ஓர் இரவை உண்டாக்கிக்கொள்கிறான் என்று தந்தை மான்டேக் மகனைப் பற்றிக் கவலைப்படுகிறார். காரணம் ரோசலின்; ஜூலியட்டைப் பார்க்கும் முன் அவன் காதலிக்கும், அவனை விரும்பாத பெண். பிறகு ரோமியோ வருகிறான். ஈயத்தால் ஆன இறகு, ஒளிவிடும் புகை, குளிர்ந்த நெருப்பு, நோயுற்ற நலம் என்று முரண்சொற்களை அடுக்குகிறான். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் வழியில் அக்காலக் காதல் கவிஞர்கள் எழுதித் தேய்த்த பாணி இது. அந்த அடுக்குக்குச் சற்று முன்னால் அவன் உறவினன் பென்வோலியோவிடம் கேட்பது, 'எங்கே சாப்பிடலாம்?' கூடவே, இங்கே என்ன சண்டை என்றும் கேட்கிறான். பதில் வருமுன் 'சொல்ல வேண்டாம், எல்லாம் கேட்டாயிற்று' என்று தானே முடித்தும் விடுகிறான். இந்த நான்கு வரியை எடுத்துக் காட்டினால், 'ரோமியோ தன் சோகத்திலேயே மூழ்கியிருக்கிறான்' என்று தனியாக எழுத வேண்டியதே இல்லை.

ரோசலின் மேடையில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. நம் இலக்கணம் கைக்கிளை (ஒருதலைக் காதல்) என்று பெயரிட்டதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். ஒன்றைக் கவனியுங்கள்: ஜூலியட்டின் தந்தையும் மான்டேக் வீட்டுப் பகைவருமான கேபுலெட் தரும் விருந்தின் பட்டியலில் அவள் அவருடைய உறவுப்பெண் என்றே குறிப்பிடப்படுகிறாள். 'ஜூலியட்டால்தான் ரோமியோ முதன்முறையாகப் பகைவீட்டுப் பக்கம் மனதைத் திருப்பினான்' என்று எழுதினால் அந்த வரி அங்கேயே விழுந்துவிடும்.

விருந்து, மாடம்

முதல் அங்கம் ஐந்தாம் காட்சியில் இருவரும் முதன்முதலாகப் பேசும் 14 வரிகள் சேர்ந்து ஒரு சானெட் கவிதை ஆகின்றன. எண்ணிப் பாருங்கள்: அவன் 4, அவள் 4, பிறகு அவன் 1, அவள் 1, அவன் 2, அவள் 1, அவன் 1. அதாவது எட்டுக்கு ஆறு. ரோசலினுக்காக அவன் தனியாகப் புலம்பினான். இங்கே கவிதையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இன்னொருத்தி பேசுகிறாள், அவன் விட்ட உவமையைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கிறாள். மாற்றம் தொடங்கும் இடம் இதுதான். ஆனாலும் இரண்டாவது முத்தத்துக்குப் பிறகு அவள் சொல்வது, ஏட்டில் எழுதியபடி முத்தமிடுகிறாய் என்று. பழைய ரோமியோ இன்னும் போகவில்லை.

மாடக் காட்சியில் அவன் நிலவின் மேல் ஆணையிடத் தொடங்குகிறான். நாளுக்கொரு வடிவம் எடுக்கும் நிலவின் மேல் ஆணையிடாதே என்று ஜூலியட் நடுவிலேயே தடுக்கிறாள். இந்தச் சந்திப்பு மிகவும் திடீரென்று நடக்கிறது என்று கவலைப்படுவதும் அவள்தான். திருமணப் பேச்சை முதலில் எடுப்பதும் அவள்தான். எனவே 'காதல் ரோமியோவைப் பொறுப்புள்ளவனாக்கியதால் மணம் செய்ய முடிவெடுத்தான்' என்பது தவறு. பொறுப்பு அவளிடமிருந்து வருகிறது, அவன் அதை ஏற்கிறான். விடிந்ததும் லாரன்ஸ் துறவியிடம் ஓடி, இன்றே மணமுடித்து வையுங்கள் என்கிறான். ஓடுகிறவன் இடறுவான், மெல்லப் போ என்று துறவி சொல்வது அந்தக் காட்சியின் கடைசி வரி.

மூன்றாம் அங்கம் முதல் காட்சி: இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

கட்டுரையின் முதுகெலும்பு இந்தக் காட்சி. மணமாகி ஒரு மணி நேரம்தான் ஆகிறது. ஜூலியட்டின் உறவினன் டிபால்ட் தெருவில் வைத்து 'நீ ஒரு அயோக்கியன்' என்கிறான். வெரோனாவின் இளைஞன் ஒருவன் அதற்கு வாளால்தான் பதில் சொல்ல வேண்டும். ரோமியோ சொல்லும் பதில்: உன் நினைப்புக்கு எட்டாத அளவுக்கு உன்னை நேசிக்கிறேன். காரணத்தை வெளியே சொல்ல முடியாது, அவமானத்தை விழுங்குகிறான். காதலால் அவன் தொட்ட உயரம் இது. அழகாகப் பேசுவதை விட்டுவிட்டு, தனக்கு நட்டம் வருகிற ஒரு செயலைச் செய்கிறான்.

ஆனால் நண்பன் மெர்குஷியோவின் கண்ணுக்கு அது கோழைத்தனமாகப் படுகிறது. அவன் வாளை உருவுகிறான். ரோமியோ நடுவில் புகுந்து தடுக்க, அவன் கைக்கு அடியில் பாய்ந்த டிபால்ட்டின் வாள் மெர்குஷியோவைக் குத்துகிறது. 'நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன்' என்கிறான் ரோமியோ. அடுத்து அவன் சொல்வதைக் கட்டாயம் மேற்கோள் காட்டுங்கள்: ஜூலியட்டின் அழகு தன்னைப் பெண்மைப்படுத்திவிட்டது, வீரத்தின் எஃகை இளக்கிவிட்டது என்கிறான். தான் அடைந்த மாற்றத்தைத் தானே பலவீனம் என்று பெயரிட்டுத் தூக்கி எறிகிறான். சில வரிகளுக்குள் டிபால்ட் பிணமாகக் கிடக்கிறான்.

ஆர்தர் புரூக் 1562ல் வெளியிட்ட கவிதைதான் ஷேக்ஸ்பியருக்கு மூலம். அதில் மெர்குஷியோ விருந்தில் தலைகாட்டுவதோடு சரி. அவன் சாவு கிடையாது. சண்டையை விலக்கப் போன இடத்தில் தன்னைத் தாக்கும் டிபால்ட்டைத்தான் நாயகன் கொல்கிறான். ஷேக்ஸ்பியர் தற்காப்பை எடுத்துவிட்டுப் பழிவாங்கலை வைத்தார். புரூக்கில் பல மாதம் நீளும் கதையை ஒரு ஞாயிறுக்கும் அடுத்த சில நாட்களுக்கும் நடுவில் அடைத்தார். அவசரம் விதியின் தலையெழுத்து மட்டுமா, ரோமியோவின் குணமும்தானா என்று வாதிட இந்த ஒப்பீடு நன்றாகக் கைகொடுக்கும். இரண்டு வாக்கியத்துக்கு மேல் இழுக்காதீர்கள், கட்டுரை புரூக்கைப் பற்றியதாகிவிடும்.

ஜோடியாக வைக்க வேண்டிய இரண்டு காட்சிகள்

மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியைப் பலரும் தாண்டிவிடுவார்கள், 'படிப்படியாக முதிர்ந்தான்' என்ற நேர்க்கோட்டை அது கெடுப்பதால். டிபால்ட்டைக் கொன்றதற்குத் தண்டனை நாடுகடத்தல் என்று கேட்டதும் ரோமியோ தரையில் விழுந்து புரள்கிறான். ஈக்குக்கூட ஜூலியட்டின் கையைத் தொடும் பேறு உண்டு, எனக்கில்லையே என்கிறான். கத்தியை எடுத்துத் தன்னையே குத்தப் போகிறான். 'நீ ஆண்தானா?' என்று துறவி கடிந்துகொள்கிறார்.

இதன் பக்கத்தில் ஐந்தாம் அங்கம் முதல் காட்சியை வையுங்கள். நாடுகடத்தப்பட்டுத் தங்கியிருக்கும் மான்டுவாவில், ஜூலியட் இறந்துவிட்டாள் என்று பணியாள் பல்தசார் வந்து சொல்கிறான். முன்னதைவிடப் பல மடங்கு பெரிய இடி. ரோமியோவின் எதிர்வினை ஒரே வரி: அப்படியா, நட்சத்திரங்களே, உங்களை எதிர்க்கிறேன். உடனே மையும் காகிதமும் கொண்டுவா, குதிரை அமர்த்து, இன்றிரவே புறப்படுகிறேன். புலம்பல் இல்லை, முரண்சொல் இல்லை. பேச்சு சுருங்கிவிட்டது, செயல் வந்துவிட்டது. மொழியை வைத்து மாற்றத்தை நிறுவ இதைவிட நல்ல சான்று நாடகத்தில் இல்லை.

அதே மூச்சில் மாறாததும் தெரிகிறது. துறவியிடமிருந்து கடிதம் ஏதும் உண்டா என்று கேட்கிறான். இல்லை என்றதும், பரவாயில்லை என்று விட்டுவிடுகிறான். அவள் இறக்கவில்லை, மருந்தால் மயங்கித்தான் கிடக்கிறாள் என்ற உண்மையைச் சொல்லும் கடிதம், கொள்ளைநோய் அச்சத்தால் தூதரை அடைத்துவைத்த வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிறது. சரியான கேள்வியைக் கேட்டவன் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. 40 டக்கட் பொன்னுக்கு நஞ்சு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான்.

கல்லறை

கடைசிக் காட்சியில், ஜூலியட்டை மணக்கவிருந்த பாரிஸிடம், நல்ல இளைஞனே, நம்பிக்கை இழந்தவனைச் சீண்டாதே, போய்விடு என்று கெஞ்சுகிறான். அவனும் இளைஞன்தான். பேசுவது பெரியவர் குரலில். பாரிஸ் விடாததால் கொன்றுவிடுகிறான். பிறகு அவன் கேட்டபடியே ஜூலியட்டின் அருகில் கிடத்துகிறான். டிபால்ட்டின் உடலிடம் மன்னிப்புக் கேட்கிறான். முதல் காட்சியில் தெருச்சண்டையைக் காதில் வாங்காதவன் இவனா என்று தோன்றும்.

பிறகு ஜூலியட்டைப் பார்க்கிறான். உதட்டிலும் கன்னத்திலும் இன்னும் சிவப்பு இருக்கிறது என்று அவனே வாய்விட்டுச் சொல்கிறான். அவள் உயிரோடு இருப்பதற்கான அடையாளம் கண்ணெதிரே. அவனோ அதை அழகின் கொடியாக்குகிறான். மரணமே அவள் மேல் ஆசைப்பட்டு இருட்டில் ஒளித்துவைத்திருக்கிறது என்று கற்பனை செய்கிறான். முதல் காட்சியில் விளையாட்டாக இருந்த உவமைப் பழக்கம் இங்கே உண்மையை மூடும் திரையாகிறது.

எழுதும்போது

மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் முதல் பத்தியிலேயே வைத்துவிடுங்கள். இப்படி: 'காதல் ரோமியோவைத் தன்னிலிருந்து வெளியே கொண்டுவந்து பிறருக்காகச் செயல்படக் கற்றுக்கொடுக்கிறது, ஆனால் அவனது அவசரத்தைத் தணிப்பதில்லை.' இதில் 'ஆனால்' இல்லையென்றால் கட்டுரைக்கு வாதம் இல்லை.

ஒவ்வொரு பத்தியிலும் ஒரு காட்சி, ஒரு மேற்கோள், அதிலுள்ள ஒரு சொல்லைப் பற்றிய இரண்டு மூன்று வாக்கியம். மேற்கோள் இரண்டு வரியைத் தாண்ட வேண்டாம். 'ரோமியோ மிகவும் மாறிவிட்டான் என்பதை இது காட்டுகிறது' என்று பத்தியை முடிப்பது வெற்று வரி. அதற்குப் பதில், 'நாடுகடத்தல் செய்திக்குத் தரையில் புரண்டவன், மரணச் செய்திக்குக் குதிரை கேட்கிறான்' என்று எழுதுங்கள். முடிவு தானாகத் தெரியும்.

அடிக்கடி மதிப்பெண் போவது கதைச்சுருக்கத்தால். 'பிறகு', 'அதன்பின்' என்று பத்தி தொடங்கினால் கதை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். ரோமியோவின் வயதை எண்ணாக எழுதுவது இன்னொரு தவறு. ஜூலியட்டுக்கு 14 நிறைய இரண்டு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கிறது என்று நாடகம் சொல்கிறது. ரோமியோவின் வயதைச் சொல்லவே இல்லை. எல்லாவற்றையும் நட்சத்திரங்களின் தலையில் போடுவதும் வேண்டாம். முன்னுரைப் பாடல் விதியைப் பேசுகிறது, உண்மை; கடிதத்துக்குக் காத்திராதது விதியல்ல.

வரி எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அங்கம், காட்சி எண் போதும். நட்சத்திரங்களைப் பற்றிய அந்த வரிகூட 1597 பதிப்பில் 'எதிர்க்கிறேன்' என்றும், 1599 பதிப்பில் 'மறுக்கிறேன்' என்றும் இருக்கிறது. உங்கள் கையிலுள்ள புத்தகத்தில் எது இருக்கிறதோ அதையே எழுதுங்கள்.