எலுமிச்சம்பழம் பூமி, காப்பிப்பழம் நிலா

விகிதத்த போர்டுல எழுதி எழுதி சொல்லி பாத்தாச்சு, ஆறாங்கிளாஸ் பசங்க கொட்டாவிதான் விட்டாங்க. அப்புறம் ஒருநாள் 4 செமீ அகலமுள்ள எலுமிச்சம்பழமும் ஏற்காட்டுல பறிச்ச காப்பிப்பழமும் கொண்டுபோனேன், அன்னைக்குதான் கிளாஸே முழிச்சுது.

எலுமிச்சை பூமி, விட்டம் 12,742 கிமீ. நிலாவுக்கு 3,474. வகுக்கச் சொல்லுங்க, சுமார் 3.7 வரும், அப்ப நிலா 1.1 செமீ, காப்பிப்பழம் சரியா பொருந்தும். இப்ப ரெண்டையும் எவ்ளோ தள்ளி வைக்கணும்னு பசங்களயே வைக்க விடுங்க, விடைய முதல்லயே உளறிடாதீங்க. பாதி பேரு ஒரு ஜாண்தான் வைப்பாங்க. நிஜ தூரம் 3,84,400 கிமீ, அதாவது 30 பூமிய வரிசையா அடுக்கலாம், அதனால 120 செமீ. டேப் வச்சு அளக்கட்டும்.

சூரியன் பூமிய விட 109 மடங்கு அகலம், 4.36 மீட்டர், கிரவுண்டுல கயிறு கட்டி சுண்ணாம்புல வட்டம் போடணும், ஆரம் எவ்ளோன்னு அவங்களே சொல்லட்டும். தூரம் 470 மீட்டர், எங்க ஸ்கூல் கேட்டத் தாண்டிருச்சு!

அடுத்து சைபர் கணக்கு. சேலத்துல இருந்து ஏற்காடு சுமார் 30 கிமீ, 20 கொண்டை ஊசி வளைவு, பஸ்ல தலை சுத்தும். ஒளி நொடிக்கு 3 லட்சம் கிமீ போகும், அப்ப ஒரு நொடில அந்த தூரத்த எத்தன தடவ போகும்? 10,000. சூரியன் 15 கோடி கிமீ, 3 லட்சத்தால வகுத்தா 500 நொடி, 8 நிமிஷம் 20 நொடி. கோடிக்கு எத்தன சைபர்ங்கறதுலதான் வழுக்குவாங்க, கட்டம் போட்ட நோட்டுல எழுத வைங்க. எலுமிச்சைய கடைசில ஜூஸ் போட்டுக்கலாம்.