ரெட் பீன்ஸ் வேகவே இல்ல, வில்லன் தக்காளிதான்

அமெரிக்காவுல இருக்குற நியூ ஆர்லியன்ஸ் வந்த புதுசுல திங்கக்கிழமையானா எங்க பாத்தாலும் ரெட் பீன்ஸ் அண்ட் ரைஸ்தான், அந்தக் காலத்துல திங்கள்னா துணி துவைக்கிற நாளாம், பானைய அடுப்புல ஏத்திட்டு மத்த வேலைய பாக்கலாம்னு வந்த பழக்கம். ராஜ்மா சாதம் மாதிரிதானேனு அசால்ட்டா இறங்கிட்டேன். வெங்காயம், செலரி, குடமிளகாய் மூணையும் வதக்கி, கை சும்மா இருக்காம ரெண்டு தக்காளியும் போட்டு, நைட்டு ஊறவச்ச பீன்ஸ கொட்டி மூணு மணி நேரம் கொதிக்கவிட்டேன், ஒண்ண எடுத்து நசுக்கினா தோல் மட்டும் உரியுது, உள்ள கல்லு மாதிரி நிக்குது, குழம்பு வேற தண்ணியா ஓடுது.

பக்கத்து வீட்டு பாட்டி எட்டிப் பாத்துட்டு தக்காளி எதுக்குனு ஒரே சிரிப்பு. புளிப்பு சேந்தா பயறு லேசுல வேகாது, சாம்பாருக்கே பருப்பு வெந்தப்புறம்தான புளி ஊத்துறோம், அது எப்படித்தான் மறந்துச்சோ.

அடுத்த தடவ தக்காளி கட். ஊறவச்ச தண்ணிய கொட்டிட்டு புதுத் தண்ணில முதல் 10 நிமிஷம் தளதளனு கொதிக்கவிட்டேன் (இந்த பீன்ஸ் அரைவேக்காடா உள்ள போனா வயித்த புரட்டி எடுத்துரும்), அப்புறம் அந்தூயி சாசேஜ் (புகைபோட்ட பன்றிக்கறி சாசேஜ்), தைம்ங்கிற வாசனை இலை, பே லீஃப் போட்டு சிம்ல ரெண்டு மணி நேரம். கடைசில கால்வாசி பீன்ஸ கரண்டி முதுகால பானை ஓரத்துல வச்சு நசுக்கி விட்டேன், பத்தே நிமிஷத்துல குழம்பு வெண்ணெய் மாதிரி கெட்டியாயிடுச்சு. ஹாட் சாஸ்லயும் வினிகர் இருக்குறதால, பீன்ஸ தட்டுல போட்டப்புறம்தான் அத ஊத்திக்கிறது.