கேம்பர் வேனில் குளிர்காலச் சமையல்: ஃபேன் மட்டும் போதாது

கேம்பர் வேனில், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள பயண வண்டியில், சமைக்கும்போது அடுப்புப் பக்கத்து ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும் சின்ன ஃபேன் வையுங்கள். கூடவே எதிர்ப்பக்க ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து விடுங்கள். டில்லி நேரு பிளேஸில் கிடைக்கும் 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேனே போதும். ஜன்னல் அளவுக்கு வெட்டிய பிளைவுட்டில் அதைப் பொருத்தி, ஓரத்தில் ஸ்பான்ஜ் ஒட்டினால் வேலை முடிந்தது.

குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டால், உள்ளே வரக் காற்று இல்லாமல் ஃபேன் சும்மா சுற்றும். 1 கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் நீராவியாக உண்டாகிறது. சாதம் கொதிக்கும் ஆவி தனி! கண்ணாடியில் வழிவதும், காலையில் மெத்தையோரம் சில்லென்று நனைந்திருப்பதும் இதனால்தான். அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் ஃபேன் ஓடட்டும்.

கரி அங்கீட்டிக்கு (கரி போட்டு எரிக்கும் கணப்படுப்பு) இந்த ஃபேன் ஏற்பாடு உதவாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது, அதை வேனுக்குள் கொண்டுவரவே வேண்டாம். கேஸ் அடுப்பை எரியவிட்டுக் குளிர்காய்ந்தபடி தூங்குவதும் கூடாது. அப்புறம், திறந்த ஜன்னல் பக்கம் ஓடும் ஜெனரேட்டரோ, இன்ஜின் அணைக்காத வண்டியோ நின்றால் அதன் புகை உள்ளே வரும்; வேனை இடம் மாற்றிவிட்டுச் சமையுங்கள்.