"எனக்கு வராதுப்பா" என்று குழந்தை சொல்வதற்கு முன்: காகிதக் கைவினையில் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

கப்பல் கிழிந்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மகளுக்கு அப்போது ஆறு வயது. வெறும் வெள்ளைத் தாளில் செய்தால் பளிச்சென்று இருக்காதே என்று, கெட்டியான நீல நிறச் சார்ட் பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். பாதியாக மடித்தோம். இரண்டு மூலைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்தோம். கீழே மிஞ்சிய பட்டையை இருபுறமும் மேலே ஏற்றினோம். மடித்த இடமெல்லாம் நீலம் வெடித்து உள்ளிருந்த வெள்ளை எட்டிப் பார்த்ததை நான் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டேன். கடைசியாக இரு முனைகளையும் பிடித்து விரித்து இழுக்க வேண்டிய கட்டம். இழுத்தாள், வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள், அடிப்பக்கம் பிளந்துவிட்டது. "எனக்குக் கப்பல் வராதுப்பா" என்று எழுந்து போய்விட்டாள்.

அவளுக்கு வந்தது. அந்தத் தாளுக்குத்தான் வரவில்லை.

அடுத்த நாள் சாதாரண ஏ4 தாளைக் கொடுத்ததும் அதே கைகள் அதே கப்பலைச் செய்தன. அன்றிலிருந்து, ஏதாவது சொதப்பினால் முதலில் குழந்தையின் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, நான் எடுத்துக் கொடுத்த தாள், பசை, கத்தரிக்கோல் இவற்றைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். பத்தில் ஏழெட்டு தடவை குற்றவாளி அங்கேதான் அகப்படுவார்.

அழகான தாள், தப்பான தாள்

கடையில் தாளை நிறம் பார்த்து வாங்குகிறோம். பார்க்க வேண்டியது கனம். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதை ஜிஎஸ்எம் என்ற எண்ணால் கட்டின்மேல் அச்சிட்டிருப்பார்கள். பிரிண்டரில் போடும் தாள் பெரும்பாலும் 70 முதல் 80 ஜிஎஸ்எம். மடிப்பு வேலைக்கு இதுவே போதும், இதைவிடச் சற்று மெல்லியதாக இருந்தாலும் நல்லது. வாழ்த்து அட்டை, முகமூடி, பெட்டி மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டியவற்றுக்குத்தான் 160, 200 என்று போக வேண்டும். மடிக்க மெல்லிசு, நிற்க கெட்டி. இதை மாற்றிப் போட்டால் கப்பல் பிளக்கும், முகமூடி தொங்கும்.

கனம் எப்படிக் கூடுகிறது என்பதையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். மூன்று முறை பாதியாக மடித்தால் 8 அடுக்கு. நான்கு முறை என்றால் 16. ஐந்தாவது மடிப்பில் 32 அடுக்கு, மூன்று மில்லிமீட்டருக்கும் மேல். மடித்து, ஓரங்களை வெட்டி, பிரித்தால் பூவாக விரியுமே, அந்த அலங்காரத்தில் "இன்னும் ஒரு மடிப்பு மடித்தால் இன்னும் அழகா வரும்" என்று நாம் ஆசைப்படும்போது, ஐந்து வயது விரல்களை மூன்று மில்லிமீட்டர் அட்டையை வெட்டச் சொல்கிறோம். மூன்று மடிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது சதுரம். காகித மடிப்பு உருவங்கள் நிறைய சதுரத் தாளில் தொடங்குபவை. நம் கையில் இருப்பதோ 210 × 297 மில்லிமீட்டர் ஏ4. அளவுகோல் வைத்துக் கோடு போட்டு வெட்டினால் ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் கூடும், இன்னொரு பக்கம் குறையும். கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசம் மடிப்புக்கு மடிப்பு வளர்ந்து, பத்தாவது படியில் மூலைகள் ஒன்றோடொன்று சேராமல் நிற்கும். அளவுகோலே வேண்டாம். தாளின் ஒரு மூலையைத் தூக்கி எதிர்ப்புற நீளப் பக்கத்தோடு ஒட்டினாற்போல் வைத்து மடித்தால், முக்கோணத்துக்கு வெளியே 87 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை மிஞ்சும். அதை வெட்டிவிட்டுப் பிரித்தால் சுத்தமான சதுரம். மிஞ்சிய பட்டை புத்தக அடையாளமாகும், சங்கிலி வளையமாகும். வீணில்லை.

தாளுக்கு 'ஓட்டம்' உண்டு என்பதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். ஆலையில் தாள் தயாராகும்போது அதிலுள்ள நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்துவிடுகின்றன. பழைய செய்தித்தாளைக் குழந்தையிடம் கொடுத்து மேலிருந்து கீழே ஒருமுறை, குறுக்கே ஒருமுறை கிழிக்கச் சொல்லுங்கள். அநேகமாக ஒரு திசையில் கோடு போட்டதுபோல் நேராகக் கிழியும். மற்ற திசையில் பல்லுப் பல்லாகப் பிய்ந்து எங்கோ போகும். நேராகக் கிழிந்த திசைதான் நார் ஓடும் திசை. கெட்டி அட்டையை அந்தத் திசையிலேயே மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் நார் முறிந்து வெடிக்கும். குறுக்கேதான் மடித்தாக வேண்டும் என்றால், மை தீர்ந்த பேனா முனையால் அளவுகோல் ஓரமாக அழுத்தி ஒரு தடம் போட்டுவிட்டு மடியுங்கள். (கிழித்துக் காட்டும் இந்த விளையாட்டு கப்பலைவிட அதிக நேரம் ஓடும். செய்தித்தாளைப் படித்து முடித்த பிறகு கொடுக்கவும்.)

அந்தரத்தில் மடிப்பது

குழந்தைகள் தாளைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டே மடிப்பார்கள். நாமும் அப்படித்தான் செய்து காட்டுகிறோம், அவர்களுக்குத் தெரியட்டும் என்று. தாள் மேசையில் இருக்க வேண்டும். முதலில் மூலையும் மூலையும் சேர வேண்டும். ஒரு கை அதை அழுத்திப் பிடித்திருக்க, மற்ற கை மடிப்பின் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி நீவ வேண்டும். கடைசியில் நகத்தால் ஒரு தேய்ப்பு. மூலை சேருவதற்கு முன்பே நீவத் தொடங்குவதுதான் கோணலுக்குக் காரணம். "முதல்ல முத்தம், அப்புறம் இஸ்திரி" என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். மூலைகள் முத்தமிட்ட பிறகுதான் நீவல்.

படம் பார்த்து மடிப்பவர்கள் செய்யும் தவறு வேறு. இப்போதைய படியின் படத்தை மட்டும் பார்ப்பார்கள். அடுத்த படத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த மடிப்பு எங்கே போய் முடிய வேண்டும் என்று தெரியும். அந்தப் படங்களில் வரும் புள்ளிக்கோடுகளும் அம்புக்குறிகளும் ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவா (1911–2005) 1950-களில் தன் புத்தகங்கள் வழியாக நிலைநிறுத்திய முறையைப் பின்பற்றுபவை. வெட்டு வெட்டான கோடு என்றால் நம்மை நோக்கி மடிக்கும் பள்ள மடிப்பு. கோடும் புள்ளியும் கலந்து வந்தால் பின்பக்கமாகப் போகும் மலை மடிப்பு. இந்த இரண்டையும் சொல்லிக் கொடுத்துவிட்டால், எந்த மொழிப் புத்தகமானாலும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையும் 'படித்து'விடும்.

பசையைக் கொட்டுவது

நிறைய போட்டால் நன்றாக ஒட்டும் என்ற நம்பிக்கை எல்லா வயதினருக்கும் இருக்கிறது. வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்திருக்கிறது. தாளின் நார்கள் அதைக் குடித்துப் பருக்கின்றன, நீளத்தில் அவ்வளவாக இல்லை, அகலத்தில் நன்றாகவே. பின்பக்கத்துத் தாள் அப்படியே இருக்க, ஒட்டிய தாள் மட்டும் அகலமாகிவிட்டால் சுருக்கம் விழாமல் என்ன செய்யும்? காய்ந்த பிறகு எவ்வளவு நீவினாலும் போகாது.

தாளோடு தாள் ஒட்டக் குச்சிப் பசை போதும். அட்டை, கெட்டிக் காகிதம் இவற்றுக்கு மட்டும் வெள்ளைப் பசை. அதையும் டப்பாவிலிருந்து நேரே பிழிய விடாதீர்கள். ஒரு மூடியில் கொஞ்சமாக ஊற்றி, பழைய தூரிகையோ அட்டைத் துண்டோ கொடுங்கள். மெல்லிசாகத் தடவி, ஒட்டி, மேலே ஒரு கனமான புத்தகம். பசை வெளியே கசிந்திருந்தால் புத்தகத்துக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் உறை வையுங்கள். என் வீட்டு அகராதி ஒன்றின் அட்டையில் பாதி வண்ணத்துப்பூச்சி நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

காயும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது இதன் தம்பி. ஒட்டிய கையோடு தூக்கிப் பார்த்தால் எதுவும் நிற்காது. ஒட்டிய இடத்தை விரலால் அழுத்திக்கொண்டு ஒன்றிலிருந்து முப்பது வரை எண்ணச் சொல்லுங்கள். பலூன்மேல் கிழித்த தாளை ஒட்டிச் செய்யும் உருண்டை, முகமூடி மாதிரியான கூழ்வேலைகளை ஒரே நாளில் முடிக்க நினைக்கவே வேண்டாம். ஈரத்தின்மேல் ஈரமாக ஏழெட்டு அடுக்கு ஏற்றினால் வெளியே காய்ந்து உள்ளே பூஞ்சணம் பூக்கும். இரண்டு அடுக்கு போட்டுக் காயவைத்து, மறுநாள் இரண்டு அடுக்கு. துண்டுகளைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழிப்பது நல்லது. கிழிந்த ஓரத்தில் நார்கள் மெலிந்து நீட்டிக்கொண்டிருப்பதால் ஒன்றோடொன்று படிந்துவிடும், மேடு தெரியாது.

கண், மூக்கு, வரிகள் எல்லாம் ஒட்டுவதற்கு முன்பே வரைந்துவிட வேண்டும். சுருட்டி ஒட்டிய குழாய்மேல் ஸ்கெட்ச் பேனாவை அழுத்தினால் குழாய் நசுங்கும், அழுகை வரும். மெல்லிய தாளுக்கு நீர்வண்ணம் வேண்டாம், கிரேயான் போதும்.

வெட்டாத கத்தரி

பாதுகாப்பு என்று சொல்லி முழுப் பிளாஸ்டிக் கத்தரியைக் கொடுப்பார்கள். அது தாளை வெட்டாது, இரண்டு அலகுக்கும் நடுவில் மடக்கிக்கொள்ளும். குழந்தை எரிச்சலில் முறுக்கி இழுக்கும். முனை மழுங்கியதாகவும் அலகு கூர்மையானதாகவும் இருக்கும் சிறிய இரும்புக் கத்தரி, பக்கத்தில் ஒரு பெரியவர், இதுவே மேல்.

இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு நம் கத்தரி எதிரி. அலகுகள் அமைந்திருக்கும் விதத்தால் வெட்டும் கோடு அவர்கள் கண்ணுக்கு மறைந்துவிடும். விரல்களின் இயல்பான அழுத்தமும் அலகுகளைச் சேர்க்காமல் விலக்கவே செய்யும். இடது கைக் கத்தரி என்று தனியாகவே கிடைக்கிறது. கோடு தாண்டி வெட்டுகிறான் என்று திட்டுவதற்கு முன், எந்தக் கையில் பிடித்திருக்கிறான் என்று பாருங்கள்.

வட்டம் வெட்டும்போது சுற்ற வேண்டியது தாள், கத்தரி இல்லை. கத்தரி பிடித்த கை உடம்புக்கு நேராக, கட்டைவிரல் மேலே இருக்கும்படி ஒரே இடத்தில் நிற்க, மற்ற கை தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அலகை நுனிவரை மூடாமல் முக்கால் பங்கிலேயே திறந்து முன்னேறினால் ஓரத்தில் படிக்கட்டு விழாது. மூன்று வயதில் ஓரத்தில் நறுக் நறுக்கென்று வெட்டினாலே போதும். வட்டமெல்லாம் ஐந்து, ஆறு வயதுச் சமாச்சாரம்.

சின்னச் சின்னதாக மினுங்குபவை

ஒட்டும் கண்கள், மணிகள், பொத்தான்கள். மூன்று வயதுக்குக் குறைந்த தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால் இவை மேசைக்கே வர வேண்டாம். பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு உருளை வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதையும் அந்த வயதுக்குக் கொடுக்கக் கூடாது. கண்ணை மசியால் வரைந்தால் போயிற்று. ஸ்டேப்ளர் ஊசியும் அப்படித்தான்.

பளபளப்புத் தூள் எனக்குப் பிடிக்காது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அது நுண்ணிய பிளாஸ்டிக். உதிரியாக விற்கும் பிளாஸ்டிக் மினுக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து கட்டுப்படுத்தியிருக்கிறது. அதற்கும் முன்பே என் வீட்டில் தடை வந்துவிட்டது, தலையணையில் மினுக்கு ஏறிய அன்று. பில் போடும் வழவழப்பான ரசீதுச் சுருளையும் கைவினைக்கு எடுக்காதீர்கள். சூட்டில் எழுத்து தெரிய வேண்டும் என்பதற்காக அதன்மேல் ரசாயனம் பூசியிருப்பார்கள்.

"கொடு, நான் செஞ்சு தரேன்"

எல்லாவற்றிலும் பெரியது இதுதான். கோணலாக மடித்ததைப் பிரித்து நாமே நேராக்கிக் கொடுப்போம். அடுத்த மடிப்புக்கு அவர்கள் தாளை நம் பக்கம் தள்ளிவிடுவார்கள். நான் கண்ட வழி, ஆளுக்கு ஒரு தாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அவள் தாளை நான் தொடுவதில்லை. ஒரே பக்கமாக, தோளோடு தோள் உட்கார வேண்டும். எதிரே உட்கார்ந்தால் இடது வலது மாறிப்போகும்.

வேலையைப் பங்கு போடுவதில் தப்பில்லை. 2012-ல் ஜான் காலின்ஸ் வடிவமைத்த காகித விமானம் 69.14 மீட்டர் பறந்து உலக சாதனை படைத்தது. எறிந்தது அவரல்ல, ஜோ அயூப் என்ற அமெரிக்கக் கால்பந்து (கையால் பந்தை எறிந்து ஆடுவது) விளையாட்டுக்காரர். மடிக்கப் பொறுமையில்லாத பிள்ளை எறியட்டும். மூக்கு குத்தி விழுந்தால் இறக்கையின் பின்னோரத்தைத் துளி மேலே வளைக்கவும், மேலே ஏறி நின்று விழுந்தால் துளி கீழே. இந்தத் 'துளி' எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் வேலையை அவர்களுக்கே விட்டுவிடுங்கள், ஒரு மாலைப்பொழுது அதிலேயே ஓடிவிடும்.

கடைசியாக ஒரு வீட்டுப் பிரச்சினை: செய்ததையெல்லாம் இரவில் சத்தமில்லாமல் குப்பையில் போடுவது. காலையில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். ஒரு பெட்டி வையுங்கள். நிறைந்ததும் எதைக் கழிப்பது என்று அவர்களே எடுத்துக் கொடுக்கட்டும். எங்கள் பெட்டியை இதுவரை மூன்று முறை காலி செய்தாயிற்று. அடி பிளந்த நீலக் கப்பல் மட்டும் போகவில்லை. பிளவில் டேப் ஒட்டி, அதைப் பென்சில் சீவல் போட வைத்திருக்கிறாள்.