ஒரே ஆள், நாலு ஸ்பெல்லிங்: வெளிநாட்டு விசாவுக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏர்வாடி தர்காவில் அடங்கியிருக்கும் சுல்தான் சையது இபுராகிமின் பெயர் இல்லாத குடும்பம் கீழக்கரைப் பக்கம் குறைவு. அதே பெயர் பிறப்புச் சான்றிதழில் செய்யது இபுராகிம், மார்க் ஷீட்டில் சையத் இப்ராஹிம், ரேஷன் கார்டில் செய்யது இபுராம்சா என்று மாறிக்கொண்டே போகும். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் வேறொன்று. ஊருக்குள் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. இன்னார் வீட்டுப் பிள்ளை என்றால் முடிந்தது. விசா அதிகாரிக்கு அந்த வீடு தெரியாது என்பதுதான் சிக்கல்.

பலர் செய்யும் முதல் தவறு, கைக்கு எளிதாக இருக்கிறதென்று ஆதாரிலிருந்து திருத்த ஆரம்பிப்பது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. அவசரத்தில் இன்னொரு தவறான ஸ்பெல்லிங்குக்கு மாற்றிவிட்டு முழிப்பவர்கள் நிறைய. முதலில் எல்லாக் காகிதங்களையும் பாயில் பரப்புங்கள். பெயர், இனிஷியல், அப்பா பெயர், அம்மா பெயர், தேதி, பிறந்த ஊர் என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதுங்கள். எது எதோடு முட்டுகிறது என்று அப்போதுதான் தெரியும். இன்னும் வெளிநாடு போகாதவர் என்றால் பிறப்புச் சான்றிதழையும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் முதலில் ஒன்றாக்கி, மற்றவற்றை அதற்குப் பின்னால் இழுத்து வருவதே சரி.

பிறந்த தேதி தனிக் கதை. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்க வயது எட்டவில்லையென்றால் வாத்தியாரே ஒரு தேதி போட்டுக்கொள்வார். அதனால்தான் நம் ஊரில் பாதிப் பேருக்கு மே, ஜூனில் பிறந்தநாள். பிள்ளை பத்தாவது எழுதும் முன்பே தலைமை ஆசிரியரிடம் சொல்லித் திருத்திவிட்டால் வேலை சுலபம். சான்றிதழ் கைக்கு வந்த பிறகு என்றால் நீதிமன்றம் வரை நடக்க நேரலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கோ பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் ஆதாரம். அதில் பெயரைச் சேர்க்காமல் விட்டு வைக்காதீர்கள்.

அப்புறம் இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து போதும். பாஸ்போர்ட் படிவமோ குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் வைத்திருக்கிறது. அதைக் காலியாக விடுவது தவறு என்பது என் கருத்து. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்தது. அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் வேறு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. அதற்குள் பயணத்தை ஒத்திப்போட்டவர்கள் பலர். அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று விழும். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. அப்பா பெயரை விரித்துக் குடும்பப் பெயராகப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. என்ன, அங்கே எல்லோரும் உங்களை உங்கள் வாப்பா பெயரால் கூப்பிடுவார்கள். பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

கல்யாணமான பெண்களுக்கு அப்பா இனிஷியல் போய்க் கணவர் இனிஷியல் வந்துவிடுகிறது, அதுவும் ஆதாரில் மட்டும். மார்க் ஷீட்டும் பாஸ்போர்ட்டும் பழையபடியே இருக்கும். கணவரோடு சேரும் விசாவுக்கு இனிஷியல் மாற்றம் தேவையே இல்லை. பதிவு செய்த திருமணச் சான்றிதழ்தான் முக்கியம். பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேட்டில் வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரே திருமணச் சான்றிதழிலும் ஏறிக்கொள்ளும்.

வளைகுடாவில் பத்து வருடம் இருந்தவர் கனடாவுக்குப் போகத் திடீரென்று பாஸ்போர்ட்டில் பெயரைத் திருத்துவது இன்னொரு வகைத் தவறு. பழைய விசா, அனுபவக் கடிதம், போலீஸ் சான்று எல்லாம் பழைய பெயரில் நிற்கும். திருத்தியே ஆகவேண்டுமென்றால் செய்யுங்கள், ஆனால் பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்டும் கயிறு அதுதான்.

நோட்டரி பத்திரத்தில் ‘இரு பெயரும் என்னையே குறிக்கும்’ என்று எழுதி வாங்கினால் போதும் என்ற நம்பிக்கையும் இங்கே உண்டு. ஒன்றிரண்டு எழுத்து வித்தியாசத்துக்கு அது துணை நிற்கும். பெயரே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும். தேதி வித்தியாசத்துக்கு இரண்டும் உதவாது.

எல்லாவற்றிலும் மோசமானது மறைப்பது. படிவத்தில் ‘வேறு பெயர் உண்டா’ என்ற கேள்விக்கு இல்லை என்று டிக் அடிக்கச் சொல்லும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். வித்தியாசத்தை ஒரு கடிதத்தில் விளக்கினால் பெரும்பாலும் கூடுதல் காகிதம் கேட்பதோடு போகும். பொய் சொன்னதாக முடிவானால் கனடாவில் ஐந்து வருடத் தடை. கையெழுத்துப் போட்டவர் நீங்கள். ஏஜெண்டைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

பிள்ளைகள் ஸ்பான்சர் செய்து அழைக்கும் பெரியவர்களுக்குச் சங்கடம் வேறு மாதிரி. 1964 டிசம்பர் புயல் அடித்துக்கொண்டு போகும் முன் தனுஷ்கோடியில் பிறந்த அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்? பதிவில் இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். அதுவும் ஒரு சான்றுதான். ஒரு காகிதத்தில் தனுஷ்கோடி, இன்னொன்றில் ராமேஸ்வரம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஊர் இப்போது இல்லாவிட்டாலும் அம்மா பிறந்தது அங்கேதான். பாஸ்போர்ட், விசா படிவம், பிள்ளைகள் கொடுக்கும் மனு மூன்றிலும் தனுஷ்கோடி என்றே இருக்கட்டும்.