கூடாரத்தில் விடுமுறை: காசும் தூக்கமும் வீணாகும் வழிகள்

குடும்பத்தோடு முதல் தடவை கேம்பிங் போனபோது, இடத்துக்குப் போய்ச் சேரவே இருட்டிவிட்டது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, அதுவரை பையைவிட்டு வெளியே எடுத்தே பார்க்காத டென்டைப் பிரித்தேன். எந்தக் கம்பி எந்தத் துளைக்குள் போக வேண்டும் என்று கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. ஒருவழியாகப் படுத்தோம். விடிவதற்கு முன் சின்னவள் என்னை உலுக்கி எழுப்பினாள். "அப்பா, உள்ள மழை பெய்யுது."

வெளியே தலையை நீட்டிப் பார்த்தால் வானம் நிறைய நட்சத்திரம். ஒரு பொட்டு மேகம் இல்லை. கூரையில் கோத்து நின்று அவள் நெற்றியில் சொட்டியது எங்கள் நான்கு பேரின் மூச்சுக்காற்று. குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் ஜிப் போட்டு மூடியிருந்தேன். மூச்சில் வரும் ஈரம் போக வழியில்லாமல், குளிர்ந்த துணியில் பட்டு நீராகிவிட்டது. மேலே ஒரு திறப்பு, கீழே ஒரு திறப்பு விட்டிருந்தால் போதும். கொஞ்சம் குளிர்ந்திருக்கும், ஆனால் நனைந்திருக்க மாட்டோம்.

அந்தப் பயணத்துக்கு நாங்கள் காசு செலவழிக்காமல் இல்லை. மடக்கு நாற்காலி, மடக்கு மேசை, அடுக்கு அடுக்காகப் பாத்திரம், தொங்கவிடும் விளக்கு என்று எல்லாம் இருந்தது. எல்லாமே பகலுக்கான சாமான். ராத்திரிக்கு என்று யோசித்து வாங்கியது ஒன்றுகூட இல்லை. பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். பகலில் பிள்ளைகளுக்குக் கல்லும் தண்ணீரும் போதும். அடுத்த தடவை கூப்பிட்டால் வருவார்களா என்பதை ராத்திரிதான் முடிவு செய்கிறது.

"நான்கு பேர் டென்ட்" நான்கு பேருக்கு இல்லை

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணிக்கை, தோளோடு தோள் உரச எத்தனை பேர் படுக்கலாம் என்ற கணக்கு. பைகளுக்கும் செருப்புகளுக்கும் தூக்கத்தில் உருளும் பிள்ளைக்கும் அதில் இடம் கிடையாது. நான்கு பேர் என்றால் ஆறு பேர் டென்ட் பாருங்கள். அதற்காக அரண்மனை மாதிரி வாங்கவும் வேண்டாம். பெரிய டென்டுக்குக் காற்றின் அடியும் அதிகம், அதைப் போடச் சமதளம் கிடைப்பதும் கஷ்டம்.

முதல் தடவையே வாங்குவதுகூடத் தவறுதான். வாடகைக்கு எடுங்கள், அல்லது வைத்திருப்பவர்களிடம் இரவல் கேளுங்கள். இரண்டு பயணம் போய்வந்த பிறகு உங்களுக்கு என்ன தேவை என்று உங்களுக்கே தெரியும். பழையதாக வாங்குவதென்றால் முழுதாக விரித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். தையல் மேல் ஒட்டியிருக்கும் நாடா உரிந்திருக்கிறதா, ஜிப் சிக்குகிறதா, உள்பூச்சு கையில் பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள். பிசுபிசுத்தால் அந்தத் துணி ரொம்ப நாள் மழை தாங்காது.

எடுத்ததை ஒரு ராத்திரி வீட்டு முற்றத்திலோ கூடத்திலோ போட்டுப் படுத்துப் பாருங்கள். செலவில்லாத ஒத்திகை. மறந்த சாமான் எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

குளிர் தரையிலிருந்து ஏறுகிறது

உள்ளே நுழைந்து படுக்கும் பஞ்சுப் பைதான் ஸ்லீப்பிங் பேக். நல்லதாக ஒன்று வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நினைப்பவர்கள் நிறைய. உடம்பின் எடையில் முதுகுக்குக் கீழே இருக்கும் பஞ்சு நசுங்கிப்போகும். நசுங்கிய பஞ்சுக்குள் காற்று நிற்காது, காற்று நிற்காத பஞ்சு சூட்டைப் பிடித்து வைக்காது. சாதாரணக் காற்று மெத்தையும் கைவிட்டுவிடும். அதற்குள் இருக்கும் காற்று சுழன்றுகொண்டே உங்கள் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும்.

படுக்கும் பாய்களுக்கு 'ஆர் மதிப்பு' என்று ஓர் எண் உண்டு. எண் ஏற ஏறக் குளிரைத் தடுக்கும் திறன் கூடும். கோடைக்கு 1 அல்லது 2 போதும். தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் போனால் 4 வேண்டும், பனித்தரை என்றால் 5-க்கு மேல். விலையுயர்ந்த பாய் வாங்க வசதி இல்லையென்றால் கவலைப்படாதீர்கள். இரண்டு பாயை அடுக்கினால் இரண்டின் மதிப்பும் கூடிக்கொள்ளும். சாதாரண ஃபோம் பாயை அடியில் போட்டு மேலே காற்று மெத்தையை வையுங்கள்.

ஸ்லீப்பிங் பேக் மேல் இருக்கும் வெப்பநிலையைப் படிப்பதிலும் ஏமாறுகிறோம். வழக்கமாக மூன்று எண்கள் இருக்கும். ஒன்று சுகமாகத் தூங்கக்கூடிய அளவு. அடுத்தது உடம்பைச் சுருட்டிக்கொண்டு சமாளிக்கும் அளவு. மூன்றாவது, உயிர் பிழைக்கலாம் என்ற அளவு மட்டும்தான். கடையில் பெரிதாகக் காட்டுவது எது என்று கவனியுங்கள். உங்களுக்கு வேண்டியது முதல் எண். அதுவும் பெரியவர்களை வைத்துப் போட்ட கணக்கு. பெரியவர்கள் பையில் சின்னப் பிள்ளையைப் படுக்க வைத்தால், காலுக்குக் கீழே காலியாகக் கிடக்கும் இடத்தையெல்லாம் அந்தச் சின்ன உடம்புதான் சூடாக்க வேண்டும். பையின் அடிப்பாகத்தை மடித்துக் கட்டிவிடுங்கள். காசு செலவில்லை.

மலை ஏறுகிறீர்கள் என்றால், அடிவார ஊரின் வானிலை அறிக்கையை நம்பி ஆடை எடுத்துவைக்காதீர்கள். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். பள்ளத்தாக்கின் அடியும் ஏமாற்றும், ராத்திரியில் குளிர்காற்று கீழே வழிந்து அங்கேதான் தேங்கும்.

இப்போது சொல்லப்போவதில் மட்டும் விட்டுக்கொடுப்பதற்கே இடமில்லை. குளிருகிறது என்று அடுப்பையோ கரித்தணலையோ கேஸ் ஹீட்டரையோ டென்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அணைந்த மாதிரி தெரியும் கரியும் கார்பன் மோனாக்சைடு விட்டுக்கொண்டிருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். ஜன்னல் திறந்திருக்கிறதே என்பதெல்லாம் சமாதானம் ஆகாது. அதற்குப் பதில் கெட்டியான மூடி போட்ட பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, ஒரு சாக்ஸுக்குள் நுழைத்து, படுக்கும் முன் பைக்குள் வையுங்கள். பகல் முழுக்கப் போட்ட துணியை மாற்றுங்கள். காய்ந்ததுபோல் இருந்தாலும் அதில் வியர்வை ஈரம் இருக்கும்.

குளிர்காலத்தில் அடுப்பும் காலை வாரும். சிலிண்டரில் வெறும் பியூட்டேன் இருந்தால், கிட்டத்தட்ட 0 டிகிரியில் அது வாயுவாக மாறுவதையே நிறுத்திவிடும். சிலிண்டர் நிறைய எரிவாயு இருக்கும், அடுப்பு எரியாது. புரொப்பேன் கலந்தது வாங்குங்கள்.

மழையும் வெயிலும்

மழைக்காலத்தில் டென்டைவிட அதைப் போடும் இடம் முக்கியம். மெத்தென்று புல் வளர்ந்திருக்கும் பள்ளம் பார்க்க அழகாக இருக்கும். தண்ணீருக்கும் அந்த இடம்தான் பிடிக்கும். வறண்ட ஓடையில் படுக்கவே கூடாது. உங்கள் தலைக்கு மேல் ஒரு துளிகூட விழாமல், எங்கேயோ மேலே பெய்த மழை வெள்ளமாக வந்து நிற்கும். அண்ணாந்து பார்க்கவும் மறக்காதீர்கள், பட்டுப்போன கிளைக்குக் கீழே டென்ட் போட வேண்டாம்.

அடியில் விரிக்கும் தார்ப்பாய் டென்டைவிடப் பெரிதாக இருந்தால் நல்லது என்று தோன்றும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம் மழைநீரைப் பிடித்து நேராக உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும். ஓரத்தை உள்ளே மடித்துவிடுங்கள்.

மின்னலுக்கு டென்ட் எந்தப் பாதுகாப்பும் தராது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். 3 விநாடிக்கு ஏறக்குறைய 1 கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் எல்லோரும் காருக்குள் போய்க் கதவையும் ஜன்னலையும் மூடிக்கொள்ள வேண்டியதுதான். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை இறங்காதீர்கள்.

வெயில் காலத்தில் சாயங்கால நிழலைப் பார்த்து இடம் பிடிப்பார்கள். ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது காலை வெயில். கிழக்கே மரமோ பாறையோ இருக்கும் இடமாகப் பாருங்கள், பிள்ளைகள் இன்னும் ஒரு மணி நேரம் தூங்குவார்கள். அப்புறம், பகல் தூக்கத்துக்கு மூடிய டென்டுக்குள் பிள்ளையைப் போடாதீர்கள், அது அடுப்பு மாதிரி காயும். மர நிழலில் ஒரு துணி விரித்தால் போதும்.

ஐஸ் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. முந்தின நாளே அதைக் குளிரவைக்காவிட்டால், பாதி ஐஸ் பெட்டியைக் குளிர்விக்கவே கரைந்துவிடும். ஐஸ் கட்டிக்குப் பதிலாகத் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்துப் போடுங்கள். கட்டி பெரிதாக இருப்பதால் மெதுவாகக் கரையும், கரைந்தால் குடிக்கவும் ஆகும். பிள்ளைகள் நிமிடத்துக்கு ஒரு தடவை திறக்கும் குடிபானத்தையும், கெட்டுப்போகும் உணவையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

செலவைக் குறைக்கச் சுலபமான வழி தேதியை மாற்றுவதுதான். வார நாட்களிலும், சீசன் தொடங்கும்போதும் முடியும்போதும் போனால் கட்டணமும் குறைவு, கூட்டமும் குறைவு. பதிவு செய்யும் முன் இட வாடகையை மட்டும் பார்க்காமல் நுழைவுக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதையும் சேர்த்துக் கூட்டுங்கள். எதுவானாலும் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்.

டென்டுக்கு ஆயுள் குறைவது பெரும்பாலும் காட்டில் அல்ல, வீட்டுப் பரணில். ஈரத்தோடு மடித்து வைத்தால் சில நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும், அந்த நாற்றம் போகவே போகாது. திரும்பி வந்த அன்றைக்கே பிரித்து நிழலில் காயப்போடுங்கள். எங்கள் வீட்டில் அந்த இரண்டு நாளும் நாற்காலி, கதவு, மாடிப்படி எல்லாவற்றின் மேலும் டென்ட் கிடக்கும். காய்ந்ததும், டென்டைத் தரையோடு பிடித்து நிறுத்த அடிக்கும் முளைகளை எண்ணிப் பைக்குள் போடுங்கள். எங்களுடையதோடு 14 வந்தது. இப்போது 11 இருக்கிறது.